பின்கதவால் போன தொழில்

(தெற்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, மேல்வகுப்பு மாணவருக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோட்டீசில் ஐந்து மணி என்று போட்டிருந்தது. இப்போது ஐந்து இருபது. தமிழ் நிகழ்ச்சிக்கு இது பிந்தலே இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் பேச வந்த தொழிலில் இருபது நிமிடம் என்றால், எட்டுப் பேர் குந்தியிருக்கும் மேசைக்குச் சாப்பாடு போகவில்லை என்று அர்த்தம். மனேஜர் இதற்குள் இரண்டு தரம் போய் மன்னிப்புக் கேட்டிருப்பார். அந்தப் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், குறை நினைக்க வேண்டாம்.

வாசலில் ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டா. "தம்பி, ஹோட்டல் மனேஜ்மென்ற் எண்டு போட்டிருக்கு. இதுக்கும் படிப்பு இருக்கோ? எங்கட மனுசன் படிக்காமலே இருபது வருசம் செய்தவர்" என்றா. பக்கத்தில் பேரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மனுசன் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நகரத்துக்கு வந்த எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் செய்த வேலைதான். கோப்பை கழுவியிருப்பார். நானும் கழுவினேன். தேம்ஸ் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலின் நிலக்கீழ் அறையில், மூன்று வருடம்.

ஊரில் வாத்தியாராக இருந்தவர், பாங்கில் இருந்தவர், கவிதை எழுதியவர் என்று பாராமல் எல்லாருக்கும் முதல் வேலை அந்தத் தொட்டியடியில்தான் கிடைத்தது. ஆகவே 'ஹோட்டல்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் எங்களுக்கு நினைவு வருவது நீராவியும், கொழுப்புப் பிடித்த தட்டமும், குப்பைத்தொட்டிப் பக்கம் திறக்கிற கதவும். பிள்ளை அந்தப் படிப்புக்குப் போகப்போகிறேன் என்றால், "நான் பட்டது காணாதோ" என்கிறோம். பயம் நியாயமானது. ஆனால் ஒரு மாளிகையைப் பின்கதவால் மட்டும் பார்த்தவன், அந்த வீடு முழுக்க அடுப்படிதான் என்று சாட்சி சொல்லலாமா? அதைத்தான் நாங்கள் எங்கள் பிள்ளைகளிடம் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் வழக்கமாகத் திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்தைச் சொல்லித் தொடங்க வேண்டும். விருந்தோம்பல் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது என்றும் சொல்ல வேண்டும். நான் சொல்லப் போவதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி காசு தருவதில்லை, குறை இருந்தால் வாயைத் திறப்பதும் இல்லை. நான் பேசுகிற விருந்தாளி ஓர் இரவுக்கு இருநூறு பவுண் கட்டிவிட்டு வருகிறவர். தலையணையில் ஒரு தலைமயிர் கிடந்தால் படம் எடுத்து உலகத்துக்கே காட்டிவிடுவார். அன்பு இருந்தால் நல்லது. அதோடு ஒழுங்கும் கணக்கும் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். அந்த மூன்றைத்தான் படிப்பு என்கிறோம். ஊரில் முகாமைத்துவம் என்பார்கள், தமிழ்நாட்டில் மேலாண்மை என்பார்கள். எந்தச் சொல்லைப் பாவித்தாலும் உள்ளே இருக்கிற சரக்கு அதுதான்.

முதலில் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. மதுரையிலும் அப்படித்தான், யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். இங்கே ஹோட்டல் விற்பது முதலில் உறக்கம். பெரிய ஹோட்டல்களில் இலாபத்தின் பெரும்பங்கு அறைகளில் இருந்துதான் வருகிறது. சமையலறைக்கு ஆளும் வேண்டும், பொருளும் வேண்டும், வீணாவதும் அதிகம். ஆகவே "பிள்ளை சமையலுக்கோ போறான்?" என்று கேட்பவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்: சமையலறையைத் தவிர வரவேற்பு, அறைப் பராமரிப்பு, விற்பனை, விலை நிர்ணயம், கணக்கு, ஆட்சேர்ப்பு, திருத்தவேலை என்று ஒரு சின்ன நகரசபையே அதற்குள் இருக்கிறது.

உதாரணத்துக்குத் தூரம் போக வேண்டாம். பேர்லி வேயில் பழைய குரோய்டன் விமான நிலையம் இருக்கிறது, பஸ்ஸில் போகலாம். அதன் புதுக் கட்டடத்தை 1928-ல் திறந்தார்கள். 1930 மே மாதம் பெண் விமானி ஏமி ஜோன்சன் தனியாக அவுஸ்திரேலியாவுக்குப் பறந்தது அங்கிருந்துதான். நிலையம் திறந்த அதே காலத்தில் அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஹோட்டலும் கட்டினார்கள். உலகின் ஆரம்பகால விமான நிலைய ஹோட்டல்களில் அது ஒன்று. காரணம் எளிது: பனிப்புகார் மூடினால் விமானம் எழும்பாது. எழும்பாவிட்டால் வந்த சனம் எங்கே படுப்பது? ஒரு தடங்கலுக்குள் ஒரு வியாபாரம் ஒளிந்திருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். 1959-ல் விமான நிலையம் மூடப்பட்டது. அந்தத் தடங்கல் மட்டும் மூடப்படவில்லை, தெற்கே கேட்விக் விமான நிலையத்துக்கு இடம் மாறிவிட்டது. இங்கிருந்து கிழக்கு குரோய்டன் போய் ரயில் மாறினால் கொஞ்ச நேரத்தில் கேட்விக். அங்கே வரிசையாக நிற்கிற ஹோட்டல்கள் இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் தேடுபவை. எங்கள் பிள்ளைகள் கேட்விக்கைப் பயணப்பெட்டியோடு மட்டும் பார்க்கிறார்கள்.

இன்னும் கிட்டத்தில் சொல்லவா? லண்டன் ரோட்டில் இருக்கிற ஆஸ்பத்திரி. பழைய ஆட்களுக்கு மேடே என்றால்தான் விளங்கும். அங்கே நோயாளிக்குச் சாப்பாட்டுத் தட்டம் மூன்று வேளையும் வார்டுக்கு வர வேண்டும். நீரிழிவுக்காரருக்கு ஒரு வகை, விழுங்க முடியாதவருக்கு ஒரு வகை, ஹலால் ஒரு வகை, சைவம் ஒரு வகை. அதுவும் இந்தத் தொழில்தான். செல்ஹர்ஸ்ட் பார்க்கில் கிரிஸ்டல் பலஸ் விளையாடுகிற நாளில் விருந்தினர் மண்டபங்களில் மேசை போட்டு உணவு பரிமாறுவதும் இந்தத் தொழில். பாடசாலை, முதியோர் இல்லம், கப்பல், அலுவலகக் கன்ரீன் எல்லாம் இதற்குள் வரும். போன மாதம் உங்கள் மகளின் சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து, நானூறு பேருக்கு மேடை, மேசை, சாப்பாடு எல்லாம் ஒழுங்குசெய்து கடைசியில் பில்லை நீட்டினாரே ஒருவர், அவரும் இதே தொழில்காரர்தான். அவரிடம் மட்டும் "இதுக்கும் படிப்பு இருக்கோ" என்று யாரும் கேட்கவில்லை, விலையைக் குறைக்கத்தான் கேட்டோம்.

இந்தத் தொழிலைப் படிப்பாக்கிய கதைக்கு லண்டனிலேயே ஒரு பெரிய அத்தியாயம் உண்டு. 1889-ல் ஸ்ட்ராண்டில் சவோய் ஹோட்டல் திறந்தது. அதை நடத்த வந்தவர் சேசர் ரிட்ஸ், சுவிட்சர்லாந்து மலைக்கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பதின்மூன்று பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. சமையலறைக்கு வந்தவர் பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்ட் எஸ்கொஃபியே. அவர் வருமுன் பெரிய சமையலறை என்றால் கத்தலும் குடியும் புகையும். அவர் அதைப் பட்டாளம்போல ஆக்கினார். சோஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வாட்டுவதற்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர், அவர்களுக்கு மேல் சூ செஃப், எல்லாருக்கும் மேல் தலைமைச் செஃப். இன்றும் கொமி செஃப், செஃப் டி பார்ட்டி என்று படிப்படியாக ஏறுகிறோமே, அந்த ஏணி அவர் வைத்தது. 1898-ல் இரண்டு பேரையும் சவோய் வெளியே அனுப்பியது என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கில் குளறுபடி என்றார்கள். மேதைகளுக்கும் ஸ்டொக் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

எஸ்கொஃபியேயின் உதவியோடு 1910-ல் வின்சென்ட் ஸ்குவேரில் ஒரு சமையற்கலைப் பள்ளி தொடங்கியது. பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டர் கிங்ஸ்வே என்று பெயர் பெற்ற கல்லூரி அதுதான். புகழ்பெற்ற செஃப் ஜேமி ஒலிவர் படித்த இடம். தோர்ண்டன் ஹீத்தில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் விக்டோரியா, அங்கிருந்து கொஞ்ச நடை. பிரித்தானியாவின் முதல் செஃப் கல்லூரி எங்கள் ரயில் பாதையின் மறு முனையில் இருக்கிறது. ஆயினும் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெற்றோர் விக்டோரியாவில் இறங்கியது பஸ் மாறத்தான்.

சவோயை விட்டபின் எஸ்கொஃபியே போனது ஹேமார்க்கெட் மூலையில் இருந்த கார்ல்டன் ஹோட்டலுக்கு. இப்போது அந்த இடத்தில் நியூசிலாந்து ஹவுஸ் நிற்கிறது. சுவரில் ஒரு நினைவுப்பலகை: நவீன வியட்நாமை நிறுவிய ஹோ சி மின் 1913-ல் இங்கே வேலை செய்தார் என்று. கோப்பை கழுவி வந்த ஆட்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நெஞ்சு நிமிரும்.

சரி, கணக்குக்கு வருவோம். இந்தப் படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது, பிள்ளைகள் அதிகம் பயப்படுவதும் அங்கேதான்.

ஹோட்டல் அறை என்பது மீன். யாழ்ப்பாணத்துப் பாசையூர் மீன்சந்தை தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். காலையில் ஒரு விலை. வெயில் ஏற ஏற விலை இறங்கும். பின்னேரம் ஆனால் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். மீனையாவது கருவாடு போடலாம். இன்று இரவு வெறுமையாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க ஒரு வழியும் இல்லை. அப்படியென்றால் எல்லா அறைகளையும் மலிவாக விற்றுத் தள்ளிவிடலாமே?

நூறு அறை உள்ள ஹோட்டல் என்று வைப்போம். நூறு பவுணுக்குப் போட்டீர்கள், தொண்ணூறு அறை போனது. ஒன்பதாயிரம் பவுண். அடுத்த கிழமை நூற்றுநாற்பதுக்குப் போட்டீர்கள், எழுபது அறைதான் போனது. ஒன்பதாயிரத்து எண்ணூறு. அறைகள் குறைவு, வருமானம் அதிகம். அதோடு இருபது அறையைக் கூட்டித் துடைக்கிற கூலியும், இருபது கட்டில் விரிப்புச் சலவையும் மிச்சம். விற்ற அறை விற்காத அறை எல்லாவற்றுக்குமாகப் பிரித்தால் ஓர் அறைக்கு முதல் கிழமை 90 பவுண், இரண்டாம் கிழமை 98. இந்த எண்ணுக்கு ரெவ்பார் என்று பெயர். ஒரு ஹோட்டல் மனேஜர் காலையில் எழுந்து பல் விளக்கமுன் பார்க்கிற எண் இதுதான். விம்பிள்டன் எப்போது, பாடசாலை விடுமுறை எப்போது, எந்த அரங்கில் யார் பாடுகிறார்கள் என்று பார்த்து அன்றன்றைக்கு விலையை ஏற்றி இறக்குவதற்கென்றே ரெவனியூ மனேஜர் என்றொரு வேலை இருக்கிறது. தட்டம் தூக்குவதில்லை, எக்செல்லோடுதான் குடித்தனம். கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அக்கவுண்டன்சிக்கு அனுப்புகிறோமே, அவர்களில் இரண்டு பேரை இந்தப் பக்கம் விட்டுப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு, எல்லாருக்கும் பழக்கமான சாப்பாட்டில். ஆட்டிறைச்சிக் கொத்து ரொட்டி, கடையில் 12 பவுண் என்று வையுங்கள். கடைக்காரர் உழைக்கிறார் என்று நாங்கள் சொல்லுவோம். அதில் வட் வரி இருபது வீதம். ஆகவே இரண்டு பவுண் அரசாங்கத்துக்கு, கையில் பத்து. இறைச்சி, மா, முட்டை, மரக்கறி, எண்ணெய் மூன்று பவுணுக்குள் நிற்க வேண்டும். உணவுச் செலவு முப்பது வீதம் என்பது பள்ளியில் சொல்லித்தருகிற அளவுகோல். மிச்சம் ஏழு. அதற்குள் கடை வாடகை, நகரசபை வரி, காஸ், கரண்ட், கொத்துகிற அண்ணனின் சம்பளம். 2025 ஏப்ரலில் இருபத்தொரு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 12 பவுண் 21 பென்ஸ் ஆனது. அதே மாதம் முதலாளி கட்டுகிற தேசியக் காப்புறுதி 15 வீதமானது. இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் லண்டனில் ஏன் இத்தனை தமிழ்க் கடை ஆரவாரமாகத் திறந்து இரண்டாம் வருடம் பலகை மாறுகிறது என்பதன் இரகசியம் விளங்கும். கொத்து ருசி இல்லாமல் மூடிய கடையை நான் கண்டதில்லை. இறைச்சியை நிறுக்காமல் அள்ளிப் போட்டு மூடிய கடைகளைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாவதாகச் சட்டம் என்றேன். 2016-ல் நடாஷா என்ற பதினைந்து வயதுப் பிள்ளை, விமான நிலையத்தில் வாங்கிய ஒரு பாண் துண்டு சாப்பிட்டு இறந்துபோனாள். மாவுக்குள் எள் இருந்தது, உறையில் எழுதியிருக்கவில்லை. அவளுடைய பெற்றோர் விடாமல் போராடியதில் 2021 ஒக்டோபரில் சட்டம் மாறியது. கடையிலேயே செய்து பொதி பண்ணி வைத்து விற்கிற உணவில் எல்லாச் சேர்மானமும் எழுத வேண்டும், ஒவ்வாமை தருபவற்றைத் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும். அந்த ஒவ்வாமைப் பட்டியலில் பதினான்கு பொருள் உண்டு. கோதுமை, பால், முட்டை, மீன், இறால் வகை, கணவாய் வகை, நிலக்கடலை, கஜு போன்ற கொட்டைகள், சோயா, எள்ளு, கடுகு... கவனித்தீர்களா? கடுகு! எங்கள் தாளிதத்தில் முதலில் வெடிப்பதே பட்டியலில் இருக்கிறது. நல்லெண்ணெய் எள்ளு. கடையில் வாங்குகிற பெருங்காயத் தூளில் கோதுமை மா கலந்திருப்பது சர்வசாதாரணம். ஆகவே "எங்கட சாம்பாரில் கோதுமை இல்லை" என்று உறுதிமொழி கொடுக்கிறவர் டப்பாவின் பின்பக்கத்தை வாசித்திருக்க வேண்டும். பாட்டியின் கைப்பக்குவத்துக்கு முன்னால் சட்டப் புத்தகம் என்ன பெரிசு என்று மேடையில் பேசலாம், கோட்டில் பேச முடியாது.

இனி எங்கே படிப்பது என்ற கேள்வி. அடுக்கிக்கொண்டு போனால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், ஆகவே என் எண்ணத்தை மட்டும் சொல்கிறேன். பல்கலைக்கழகம் போகலாம். மேற்கு லண்டன் பல்கலைக்கழகம் ஈலிங்கில் இருக்கிறது, கில்ட்ஃபோர்டில் சரே இருக்கிறது. இரண்டும் இத்துறையில் பேர் பெற்றவை. சுவிட்சர்லாந்தில் 1893-ல் தொடங்கிய லொசான் பள்ளி இருக்கிறது. அது பேருக்கும் பெரிது, கட்டணத்துக்கும் பெரிது. இங்கே ஆண்டுக் கட்டணம் 2025-26-ல் 9,535 பவுண். கடன் எடுத்தால் 25,000 பவுணுக்கு மேல் உழைக்கும்போது மேலதிகத்தில் ஒன்பது வீதம், நாற்பது வருடம் வரைக்கும். இந்தத் தொழிலின் ஆரம்பச் சம்பளத்தோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எனக்குப் பிடித்தது அப்ரென்டிஸ்ஷிப். ஹோட்டலே எடுத்து, வேலையும் தந்து, படிக்கவும் விடும். கட்டணம் பிள்ளையின் தலையில் இல்லை. இரண்டாம் நிலையில் கொமி செஃப், நான்காம் நிலையில் ஹொஸ்பிட்டாலிட்டி மனேஜர் என்று படிகள் உண்டு. முதல் வருடச் சம்பளம் சொற்பம்தான். ஆனால் இருபத்தோராவது வயதில் உங்கள் மகனிடம் மூன்று வருட அனுபவமும் சான்றிதழும் இருக்கும், கடன் இருக்காது. 'பட்டமளிப்புப் படம் சுவரில் மாட்ட முடியாதே' என்று ஒரு கவலை எங்களுக்கு வரும். வரட்டும், படத்துக்காக முப்பதாயிரம் பவுணா?

பின்வரிசையில் ஊரில் இருக்கிற மருமக்களுக்காக வந்தவர்களும் இருக்கிறீர்கள் என்று அறிந்தேன். உங்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "ஹோட்டல் மனேஜ்மென்ட் படிக்க வா, வேலை விசா தானாக வரும்" என்று ஏஜென்சி சொன்னால் நம்ப வேண்டாம். 2025 ஜூலை 22-க்குப் பிறகு திறன்தொழில் விசாவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்குப் பட்டதாரி நிலை வேலை வேண்டும், பொதுவான சம்பள எல்லை 41,700 பவுண். சமையல்காரர் வேலை அந்த வாசலுக்கு வெளியே போய்விட்டது. படித்து முடித்தபின் தங்கி வேலை தேடுகிற விசாவும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிற பட்டதாரிகளுக்கு இரண்டு வருடத்திலிருந்து பதினெட்டு மாதமாகிறது. காணியை விற்றுக் கட்டணம் கட்டமுன் இதைச் சொல்லுங்கள். கொழும்பில் ஹோட்டல் ஸ்கூல் என்று பழைய ஆட்கள் சொல்லுகிற அரசாங்க நிறுவகம் இருக்கிறது. சென்னையில் தரமணியில் இந்திய மத்திய அரசின் ஹோட்டல் மனேஜ்மென்ட் நிறுவனம் இருக்கிறது. அங்கே படித்தவர்களை நான் துபாயிலும் கப்பல்களிலும் பெரிய பதவிகளில் சந்தித்திருக்கிறேன். இந்த உலகத்துக்கு லண்டன் ஒரு வாசல் மட்டுமே.

இதன் கஷ்டத்தையும் சொல்லாவிட்டால் நான் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன். மற்றவர்கள் கொண்டாடுகிற நாளெல்லாம் உங்களுக்கு வேலை நாள். தீபாவளி, நத்தார், வருடப்பிறப்பு எல்லாம் சீருடையில்தான் போகும். ஸ்பிளிட் ஷிஃப்ட் என்று ஒன்று உண்டு. காலை பத்திலிருந்து மூன்று, பிறகு மாலை ஆறிலிருந்து பதினொன்று. இடையில் மூன்று மணிநேரம் வீட்டுக்குப் போகவும் காணாது, வெளியே நிற்கவும் குளிர். வேலை முடிந்து கடைசி ரயிலைத் தவறவிட்டால் என்109 இரவு பஸ். பிரிக்ஸ்டன், ஸ்ட்ரெதம், நோர்பரி என்று ஊர்ந்து தோர்ண்டன் ஹீத் பொண்டில் இறக்கிவிடும்போது ரொட்டிக்கடைக்காரர் ஷட்டர் திறப்பார். அந்தப் பஸ்ஸின் மேல்தட்டில் எத்தனை தமிழ்த் தலைகள் கண்ணாடியில் சாய்ந்து உறங்கியிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

சுரண்டலும் உண்டு. நான் வேலை செய்த ஓரிடத்தில், பேர் வேண்டாம், பில்லில் பன்னிரண்டரை வீதம் சேவைக் கட்டணம் எடுத்தார்கள். தொட்டியடிக்கு ஒரு சதம் வரவில்லை. கேட்டபோது அது 'முன்னுக்கு நிற்பவர்களுக்கு' என்றார்கள். முன்னுக்கு நிற்பவர்களைக் கேட்டேன், அவர்களுக்கும் வரவில்லை. 2024 ஒக்டோபர் முதலாம் தேதி முதல் அப்படிச் செய்ய முடியாது. வாடிக்கையாளர் கொடுக்கிற டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுக்க வேலையாட்களுக்கே நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதல் நாளே அந்தப் பங்கீட்டுக் கொள்கையை எழுத்தில் கேளுங்கள். கேட்பது உரிமை.

நான் எப்படித் தொட்டியடியிலிருந்து மேலே வந்தேன் என்று சிலருக்குக் கேட்க ஆசை இருக்கும். பெரிய சாகசம் ஒன்றுமில்லை. இரவுக் கணக்கு எழுதுகிறவர், நைட் ஓடிட்டர், ஒரு நாள் வரவில்லை. நான் ஊரில் வணிகம் படித்தவன், ஒரு பேரேட்டைக் கண்டு பயப்பட மாட்டேன் என்று டியூட்டி மனேஜருக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் முந்தின கிழமை, தட்டங்கள் உடைகிற எண்ணிக்கையை நாள்வாரியாக ஒரு பழைய கொப்பியில் எழுதி அவரிடம் காட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில்தான் அதிகம் உடைந்தது, புது ஆட்கள் அன்றுதான் வந்தார்கள். அந்த ஒரு கொப்பிதான். அன்றிரவு மேலே ஏறினேன். சான்றிதழ் இல்லாததால் அடுத்த படிக்கு நாலு வருடம் காத்திருந்தேன், மாலை வகுப்புக்குப் போய் எடுத்த பிறகுதான் வழி திறந்தது. படிப்பு எதற்கு என்று கேட்ட அம்மாவுக்கு என் பதில் அந்த நாலு வருடம்.

வேறு நாட்டுக் கதைகளும் உண்டு. பின்னாளில் ஒபராய் ஹோட்டல்களை நிறுவிய மோகன் சிங் ஒபராய் 1922-ல் சிம்லாவின் செசில் ஹோட்டலில் மாதம் ஐம்பது ரூபாய் குமாஸ்தா. 1934-ல் மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு ஹோட்டலை வாங்கினார். நகை அடகு வைப்பது எங்களுக்கும் தெரியாத கலையா? ஆனால் ஒபராய் அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அந்தத் தொழிலின் கணக்கைப் படித்திருந்தார். பாரிசில் தர்ஷன் செல்வராஜா, எங்கள் பிள்ளை, 2006-ல் பிரான்சுக்குப் போனவர். 2023-ல் அந்த நகரின் மிகச் சிறந்த பகெட் பாணுக்கான பரிசை வென்றார். பரிசோடு ஒரு வருடம் பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கிற உரிமையும் வந்தது. பிரெஞ்சுக்காரனுக்குப் பாண் செய்து காட்டுவது, நல்லூரில் போய் நாதஸ்வரம் வாசித்துக் காட்டுவதுபோல.

இங்கே லண்டனில் 2015-ல் சோஹோவில் ஆப்பத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ஹொப்பர்ஸ் என்று ஒரு கடை திறந்தது. சனம் மழையில் வரிசையில் நின்றது. நடத்தியவர்கள் எங்கள் ஆட்களில்லை, பஞ்சாபிக் குடும்பத்து உடன்பிறப்புகள். எனக்கு அன்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மாமார் வீட்டில் சுடுகிற ஆப்பம்தானே என்று. பிறகு யோசித்தேன்: ஆப்பம் எங்களிடம் இருந்தது, மேசை எண்ணிக்கையும் வாடகையும் விளக்கு வெளிச்சமும் அவர்களிடம் இருந்தன. 2023-ல் போரோ மார்க்கெட்டில் சிந்தியா சண்முகலிங்கம் ரம்புட்டான் உணவகத்தைத் திறந்தபோதுதான் அந்தப் பொறாமை அடங்கியது. இந்த நாட்டில், கொவென்ட்ரியில் வளர்ந்த பெண், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் சமையலறைக்குள் வந்தது முன்கதவால், தானே விரும்பி.

நேரம் போய்விட்டது. பின்னால் ரீயும் வடையும் ரோல்ஸும் வைத்திருக்கிறார்கள். ரோல்ஸில் முட்டையும் கோதுமையும் உண்டு, வடையில் என்ன எண்ணெய் என்று நான் கேட்டுப் பார்த்தேன், சூரியகாந்தி என்றார்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள். மண்டபத்தை ஏழரைக்குத் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டுமாம், சமையலறையில் இயந்திரம் பழுது, கடதாசிக் கோப்பையும் வாங்கவில்லை. அறுபது கோப்பை எண்ணினேன். கழுவுகிற வேலையை நான் எடுக்கிறேன், கை இன்னும் மறக்கவில்லை. கேள்வி இருக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு துவாயை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று துடையுங்கள், துடைத்தபடியே கேளுங்கள். அம்மாவோடு வாசலில் நின்ற தம்பி, நீ முதலில் வா.